விளையாட்டு டோக்கன்களும் ஆட்டக்காரரின் உரிமையும்: கேள்வி பதில்

பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேடு) விளையாட்டுகளில் பயன்படும் டோக்கன் (அந்தப் பதிவேட்டில் ஒரு பொருளையோ காசையோ குறிக்கும் பதிவு) தரங்கள், அவற்றின் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் இயங்கும் நிரல்) அமைப்பு, ஆட்டக்காரருக்கு உண்மையில் கிடைக்கும் உரிமை ஆகியவை குறித்துக் கேளுங்கள். எந்த டோக்கனின் விலை ஏறும் என்பது என் துறை அல்ல.

கேள்வி: சிறிய குழுவாக ஒரு சாகச விளையாட்டை எத்தீரியம் என்ற பிளாக்செயினில் உருவாக்குகிறோம். தங்கக் காசு, அம்பு, அரிய வாள் ஆகிய மூன்றுக்கும் இ.ஆர்.சி. எனப்படும் டோக்கன் தரங்களான 20, 721, 1155 ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: 2015இல் முன்வைக்கப்பட்ட 20ஆம் தரத்தில் ஒரு டோக்கனுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடே இல்லை, யாரிடம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கை மட்டுமே கான்ட்ராக்ட் வைத்திருக்கும். 2017இன் இறுதியில் வந்த கிரிப்டோகிட்டீஸ் விளையாட்டில் ஒவ்வொரு பூனையும் தனித்தன்மை உடையதாக இருந்ததால், ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உரிமையாளர் என்ற அமைப்பு தேவைப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து உருவான 721ஆம் தரம் 2018 ஜனவரியில் முன்மொழியப்பட்டது. ஆனால் நூறு வாள்களை 721இன்படி ஒருவருக்கு அனுப்ப வேண்டுமானால், தரம் தரும் வழியில் நூறு தனித்தனி மாற்றங்கள் செய்ய வேண்டும். கேஸ் கட்டணமும் (பரிவர்த்தனைக்குச் செலுத்தும் கட்டணம்) அதற்கேற்ப ஏறும். விளையாட்டுகளுக்கென்றே பணியாற்றிய என்ஜின் (Enjin) நிறுவனத்தார் முன்னின்று அதே ஆண்டு ஜூனில் முன்மொழிந்த 1155, ஒரே கான்ட்ராக்டில் பல வகைப் பொருள்களை வைக்கவும், அவற்றை ஒரே பரிவர்த்தனையில் கட்டாக அனுப்பவும் வழிசெய்தது.

அம்புக்கு 1155 மிகப் பொருத்தமானது. வாளுக்கு, அதன் வரலாறு உங்கள் ஆட்டத்தில் முக்கியமானால், நான் 721ஐயே பரிந்துரைப்பேன். 1155இல் ‘இந்த எண்ணின் உரிமையாளர் யார்’ என்று கான்ட்ராக்டை நேராகக் கேட்கும் வழி தரத்தில் இல்லை. ‘இவரிடம் இந்த எண் எத்தனை’ என்று மட்டுமே கேட்க முடியும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. 721இல் ஒரே ஒரு டோக்கனுக்கு மட்டும் பிறருக்கு அனுமதி அளிக்கலாம். 1155இன் தரத்தில் அந்த வசதி இல்லை. அனுமதி கொடுத்தால் அந்தக் கான்ட்ராக்டில் உங்களுக்குள்ள எல்லாப் பொருள்களுக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். அம்பை விற்பதற்காக ஒரு சந்தைத் தளத்துக்கு ஆட்டக்காரர் அளித்த அனுமதி, அதே கான்ட்ராக்டில் இருக்கும் அவருடைய வாளையும் எடுத்துச் செல்லப் போதுமானதாகிவிடும்.

கேள்வி: 1155 கான்ட்ராக்டில் பொருள்களை உருவாக்கிவிட்டேன். சந்தைத் தளத்தில் எதற்கும் படம் வரவில்லை. பொருளின் விவரக் கோப்புக்கான இணைய முகவரியில் எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: முகவரியில் எண் நிற்கும் இடத்தைத் தளங்கள் தாமாகவே நிரப்பும்போது பதின்ம எண்ணை இடுவதில்லை. அதைப் பதினாறடி எண்ணாக்கி, சிறிய எழுத்துகளில், முன்னால் 0எக்ஸ் இல்லாமல், சுழியங்களைச் சேர்த்து 64 இலக்கமாக நீட்டித்தான் தேடும். உங்கள் கோப்புகள் 1, 2, 3 என்று பெயரிடப்பட்டிருந்தால் அவை கிடைக்கமாட்டா. கோப்புப் பெயர்களை மாற்றுங்கள்.

கேள்வி: இந்த ஆண்டு எந்த கேம் டோக்கனை வாங்கலாம்?

பதில்: தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் வாள் என்.எஃப்.டி.யாக (தனித்தன்மையுள்ள டோக்கனாக) என் வாலட்டில் (டோக்கன்களைக் கையாளும் செயலியில்) இருக்கிறது. அது எனக்கே சொந்தம் என்பதால் வேறொரு விளையாட்டுக்குள்ளும் கொண்டுபோகலாம் அல்லவா?

பதில்: வாலட்டில் இருப்பது வாள் அன்று, ஒரு கான்ட்ராக்டில் ஓர் எண் உங்கள் முகவரிக்கு நேராக எழுதப்பட்டிருக்கிறது என்ற பதிவுதான். அந்த எண்ணுக்கு எவ்வளவு வலிமை, எந்த உருவம், எந்தக் களத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்பனவற்றை விளையாட்டு நிறுவனத்தின் சர்வர் தீர்மானிக்கிறது. எஃப்1 டெல்டா டைம் என்ற கார் பந்தய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ‘1-1-1’ என்ற கார் 2019இல் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. பந்தய அமைப்பின் உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2022 மார்ச்சில் விளையாட்டே நிறுத்தப்பட்டது. டோக்கன் அழியவில்லை, ஆனால் அதை ஓட்டுவதற்கு இடம் இல்லாமல் போயிற்று. நிறுவனம் மாற்றாக வேறு விளையாட்டின் கார்களை அளித்தது உண்மை. அப்படி அளிக்க வேண்டும் என்று எந்த டோக்கன் தரமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

கேள்வி (வாள் பற்றிக் கேட்டவர்): இது நிறுவனங்களின் குறை, தொழில்நுட்பத்தின் குறை அன்று. எல்லாரும் ஒரே மெட்டாடேட்டா (டோக்கனின் விவரக் குறிப்பு) அமைப்பைப் பின்பற்றினால் சிக்கல் தீர்ந்துவிடுமே?

பதில்: தீராது. மெட்டாடேட்டாவில் ‘தாக்கும் வலிமை 40’ என்று எழுதலாம். ஆனால் ஆட்டக்காரரின் உயிர்ப்புள்ளி 100 ஆக உள்ள விளையாட்டில் அந்த 40க்கு ஒரு பொருளும், 10,000 ஆக உள்ள விளையாட்டில் வேறொரு பொருளும் உண்டு. முப்பரிமாண உருவத்தை ஒவ்வொரு விளையாட்டு எஞ்சினிலும் (விளையாட்டை இயக்கும் மென்பொருளிலும்) புதிதாகப் பொருத்த வேண்டும். அதன் வடிவமைப்பின் பதிப்புரிமை பெரும்பாலும் முதல் நிறுவனத்திடமே இருக்கும். இவ்வளவும் செய்த பின்னர், தன்னிடம் ஒரு காசுகூடக் கொடுக்காதவர் வலிமைமிக்க வாளோடு உள்ளே வருவதால் இரண்டாம் நிறுவனத்துக்கு என்ன பயன் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கேள்வி: அப்ரூவல், அதாவது அனுமதி, பற்றிச் சொன்னீர்கள். இலவச என்.எஃப்.டி. தருவதாகச் சொன்ன தளத்தில் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தேன். இப்போது என்ன செய்வது?

பதில்: எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, அந்த அனுமதியை உடனே திரும்பப் பெறுங்கள், பிளாக்செயின் பதிவுகளைப் பார்க்க உதவும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளங்களிலேயே அதற்கான வசதி உண்டு. வாலட்டைத் தளத்திலிருந்து துண்டிப்பது மட்டும் போதாது. அனுமதி கான்ட்ராக்டில் பதிவாகியிருப்பதால், நீங்கள் ரத்துசெய்யும்வரை அது உயிரோடு இருக்கும். உங்கள் வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்றொடரையும் அங்கே கொடுத்திருந்தால் ரத்துசெய்வதால் பயனில்லை. புதிய வாலட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ (எல்லாவற்றுக்கும் அனுமதி) என்று வாலட் காட்டினால், கேட்பவர் யார் என்று உறுதியாகத் தெரியாமல் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள்.

கேள்வி (வாள் பற்றிக் கேட்டவர்): நீங்கள் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறீர்கள். கிரிப்டோகிட்டீஸ் பூனைகளைக் கொண்டு பிறர் பந்தயமும் தொப்பிகளும் உருவாக்கினார்களே. அனுமதி கேட்டா செய்தார்கள்?

பதில்: இது வலுவான வாதம், இதை நான் முழுமையாக ஏற்கிறேன். யாரிடம் எந்தப் பூனை இருக்கிறது என்பதை எவரும் எவரையும் கேட்காமல் படிக்க முடிந்ததால்தான் கிட்டிரேஸ், கிட்டிஹாட்ஸ் போன்றவை பிறந்தன. பழைய வகை விளையாட்டின் தரவுத்தளத்தில் இது நடக்காது. ஆனால் அங்கே நடந்ததைக் கவனியுங்கள்: பூனை தன் திறனோடு இன்னொரு விளையாட்டுக்குள் செல்லவில்லை, பந்தயத்தை எழுதியவர் தம் விருப்பத்தால் பூனைக்கு ஒரு புதிய பயனைக் கொடுத்தார். டோக்கன் தந்தது அடையாளம். பயன்பாட்டைத் தந்தவர் இரண்டாம் படைப்பாளி. அவர் நிறுத்திவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

கேள்வி (வேறொருவர்): விதிகளும் பிளாக்செயினிலேயே இருந்தால்?

பதில்: அப்போது என் மறுப்பு பெருமளவு வலுவிழக்கும். 2020இல் வந்த டார்க் ஃபாரஸ்ட் அப்படிப்பட்டது. விளையாட்டின் விதிகள் கான்ட்ராக்டிலேயே இருந்தன, ஆட்டக்காரர்கள் தாங்கள் இருக்கும் இடத்தை மறைக்கப் பூஜ்ய அறிவுச் சான்றுகள் (தகவலை வெளிப்படுத்தாமலே அது சரியென்று நிறுவும் சான்றுகள்) பயன்பட்டன. நான் பெரிதும் மதிக்கும் முயற்சி அது. ஆனால் ஒவ்வோர் அசைவும் பரிவர்த்தனையாக இருப்பதால், மெதுவாக யோசித்து ஆடும் உத்தி விளையாட்டுகளுக்கே இந்த வழி ஏற்றது. நொடிக்குப் பலமுறை குறிபார்த்துச் சுடும் விளையாட்டை இப்படி உருவாக்க முயல வேண்டாம்.

கேள்வி: ராயல்டி தரமான 2981ஐச் சேர்த்தால் ஒவ்வொரு மறுவிற்பனையிலும் எங்களுக்குப் பங்கு வருமா?

பதில்: அந்தத் தரம், எவ்வளவு, யாருக்கு என்று சொல்ல மட்டுமே செய்யும், வசூலிக்காது. கொடுப்பதும் கொடுக்காததும் சந்தைத் தளத்தின் முடிவு. அந்த வருமானத்தை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் எஸ்.எல்.பி. டோக்கன் ஏன் வீழ்ந்தது? மீண்டும் ஏறுமா?

பதில்: முதல் பாதிக்கு மட்டும் பதில். எஸ்.எல்.பி. விளையாடி வெல்பவருக்கு உருவாகிக்கொண்டே இருந்தது. மொத்த அளவுக்கு உச்சவரம்பு இல்லை. புதிய ஆக்ஸிகளை (அந்த விளையாட்டின் உயிரினங்களை) இனப்பெருக்கம் செய்யும்போது அது அழிக்கப்பட்டது. ஆகவே புதியவர்கள் வந்து ஆக்ஸி வாங்கும்வரைதான் அழிப்பு உருவாக்கத்தோடு ஈடுகொடுத்தது. புதியவர்களின் வரவு குறைந்ததும் உருவாக்கம் மட்டும் எஞ்சியது. 2021 ஜூலையில் 30 சென்ட்டைத் தாண்டியிருந்தது 2022இல் 1 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. பிலிப்பைன்ஸில் அதைக் கூலியாகவே எண்ணி உழைத்த குடும்பங்கள் இதன் சுமையைத் தாங்கின. அதனால்தான் விளையாட்டை வருமானமாக விளம்பரம் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

கேள்வி: ரோனின் பாலம் (ஆக்ஸி இன்ஃபினிட்டியின் ரோனின் பிளாக்செயினுக்கும் எத்தீரியத்துக்கும் இடையே சொத்துகளை மாற்றும் வழி) 2022இல் கொள்ளையடிக்கப்பட்டதே, அது தரத்தின் பிழையா?

பதில்: இல்லை. பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் 9 சரிபார்ப்பாளர்களில் 5 பேரின் ஒப்பம் போதும் என்ற அமைப்பில், அந்த 5 சாவிகளும் கொள்ளையரிடம் சிக்கின. 1,73,600 ஈதரும் (எத்தீரியத்தின் நாணயம்) 2.55 கோடி யு.எஸ்.டி.சி.யும் (டாலருக்கு இணையான டோக்கன்) போய், ஆறு நாள் கழித்தே தெரியவந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எந்தத் தரமும் கண்காணிப்பதில்லை.

கேள்வி: இந்தியாவில் விளையாட்டு என்.எஃப்.டி.யை விற்றால் வரி எவ்வளவு?

பதில்: மெய்நிகர் டிஜிட்டல் சொத்தின் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி கொண்டுவரப்பட்டது, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க முடியாது. உங்கள் கணக்கை ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஐயா, எந்த டோக்கன் நூறு மடங்கு ஏறும்?

பதில்: இதற்குப் பதில் இல்லை. இனி வரும் விலைக் கேள்விகளையும் தவிர்த்துவிடுகிறேன்.

கேள்வி (சாகச விளையாட்டு உருவாக்குபவர்): அம்புக்கு 1155, வாளுக்கு 721 என்று முடிவு செய்துவிட்டோம். தங்கக் காசுக்கு 20ஆம் தரம்தானே?

பதில்: அந்தக் காசை ஆட்டத்துக்கு வெளியே யாரும் விற்கவோ வாங்கவோ வேண்டிய தேவை உங்கள் வடிவமைப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையில் மருந்து வாங்கவும் கவசம் பழுதுபார்க்கவும் மட்டும்தான் என்றால், அதை உங்கள் சர்வரின் தரவுத்தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். 20ஆம் தர டோக்கனாக்கிய மறுநாளே எவரும் அதற்குச் சந்தை திறக்கலாம். பிறகு அரக்கனைக் கொன்றால் 50 காசா 40 காசா என்று நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பிறருடைய சேமிப்பைத் தொடும். வெளியே விற்கத்தான் வேண்டும் என்று முடிவானால், உருவாகும் வழிகளையும் அழியும் வழிகளையும் கணக்கிட்டு, புதிய ஆட்டக்காரர் ஒருவர்கூட வராத மாதத்திலும் அது சமநிலையில் நிற்கிறதா என்று சோதித்துவிட்டு, அதன்பின் கான்ட்ராக்டை எழுதுங்கள்.