பிரெஞ்சு நைட் ஆக என்ன பயிற்சி? 7, 14, 21 வயதுக் கணக்கு உண்மையா?

7 வயதில் பிரபு வீட்டில் எடுபிடி, 14 வயதில் உதவி வீரன், 21 வயதில் நைட், அதாவது பட்டம் பெற்ற இடைக்காலக் குதிரைவீரன். கேள்வியில் கேட்டிருக்கும் இந்தக் கணக்கு பாடப்புத்தகத்துக்கு வசதியானது. பயிற்சியின் வரிசை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வயது மட்டும் பையனின் குடும்பம், கையிருப்பு, அந்த ஆண்டில் போர் இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து மாறியது.

நன்றாகத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பூசிகோ என்று அழைக்கப்பட்ட இரண்டாம் ழான் ல மேங்கர், 1366 வாக்கில் தூர் நகரில் பிறந்தவர். அப்பா பிரான்சின் மார்ஷல், அதாவது உயர் படைத்தளபதி. மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். பையன் அரண்மனையில் இளவரசரோடு, அதாவது பின்னாளில் ஆறாம் சார்லஸ் மன்னர் ஆனவரோடு வளர்ந்தான். 12 வயதிலேயே பூர்போன் கோமகனுடன் நார்மண்டிப் போருக்குப் போனான். 16 வயதில் நைட். 7, 14, 21 கணக்குக்கு இது பொருந்தாது.

முதல் கட்டம் ஏழெட்டு வயதில் தொடங்கும். இன்னொரு பிரபுவின் வீட்டுக்குப் பையனை அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் பரிமாறுவது, இறைச்சியைச் சரியாக வெட்டி வைப்பது, குதிரைக்குத் தீனி போடுவது, வேட்டை நாய்களைப் பார்ப்பது எல்லாம் அங்கே கற்கவேண்டியவை. ஃபுவா பிரபு கஸ்தோன் ஃபேபுஸ் 1387 முதல் எழுதிய வேட்டை நூலில், நாய்களைப் பார்க்கும் பையனுக்கு 7 வயது போதும் என்கிறார். ஒவ்வொரு நாயின் பெயரும் நிறமும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். கொட்டிலைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும். வேட்டையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக்கூடாது. மேடு பள்ளத்தில், புதருக்குள், குதிரை முழு வேகத்தில் ஓடும்போது விழாமல் உட்காரப் பையன் பழகியது வேட்டையில்தான்.

பிரெஞ்சில் நைட்டுக்கு ‘ஷெவாலியே’ என்று பெயர். குதிரையைக் குறிக்கும் ‘ஷெவால்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இடது கையில் கேடயமும் கடிவாள வாரும், வலது கையில் ஈட்டி. குதிரையைத் திருப்பக் கை மிச்சமில்லை. தொடை, முழங்கால், குதிகால் அழுத்தத்தாலேயே குதிரையை நடத்தவேண்டும். இதை இளமையிலேயே பழகாதவனுக்கு மற்ற எதுவும் கைகூடாது.

அடுத்தது உடல். பூசிகோவின் வாழ்க்கை வரலாறு 1409-ல், அவர் உயிரோடு இருந்தபோதே எழுதி முடிக்கப்பட்டது. புகழ்ச்சி நிறைய உண்டு. ஆனால் பயிற்சிப் பட்டியல் மட்டும் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் போரில் ஒரு தேவை தெரிகிறது. மூச்சு நீளவேண்டும் என்று வெகுதூரம் நடப்பார், ஓடுவார். கோடரியாலோ சம்மட்டியாலோ நெடுநேரம் ஓங்கி ஓங்கி அடிப்பார்; கை சோர்ந்தால் அடுத்த வெட்டைத் தடுக்க முடியாது. தலைக்கவசம் தவிர மற்றதெல்லாம் அணிந்துகொண்டு குட்டிக்கரணம் போடுவார். அங்கவடியில் கால் வைக்காமல் முழுக் கவசத்தோடு குதிரைமேல் தாவி ஏறுவார். கீழே விழுந்தவனுக்குப் போர்க்களத்தில் யாரும் ஏற்றிவிடக் காத்திருக்கமாட்டார்கள்.

ஏணிப் பயிற்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டு, கால் படாமல், இரண்டு கையால் மட்டும் படிப்படியாகத் தாவி உச்சிவரை போவார். அதுவும் எஃகுச் சட்டையோடு. சட்டையைக் கழற்றிவிட்டால் ஒரே கையால் பல படிகள். கோட்டை முற்றுகையில் ஏணி ஏறப்போகிறவனுக்குப் பிடி வலுவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கவசம் போட்டால் எழுந்திருக்கவே முடியாது, பாரந்தூக்கி வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. போருக்கான முழுத் தகட்டுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ; எடை உடல் முழுக்கப் பரவியிருக்கும். ஆனால் களைப்பு உண்மை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், கவசம் அணிந்து நடைப்பொறியில் நடந்தவர்களுக்கு வழக்கத்தைவிட இரு மடங்குக்கு மேல் சக்தி செலவானது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீசவேண்டியிருப்பது ஒரு காரணம்; மார்புத் தகடு மூச்சை இறுக்குவது இன்னொன்று. பூசிகோ ஓடிப் பழகியது ஏன் என்று இப்போது புரியும்.

வாளுக்குத் தரையில் நட்ட மரக்கம்பம்தான் எதிரி. ரோமானியர் வெஜிடியஸ் சொன்ன முறை இது: இரட்டிப்பு எடையுள்ள ஆயுதத்தால் பழகினால் உண்மையான ஆயுதம் கையில் லேசாகிவிடும். அவருடைய போர் நூலை 1284-ல் ழான் த மங் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். உண்மையான வாள் ஒன்றேகால் கிலோ அளவுதான்.

ஈட்டிக்குக் ‘கேன்தேன்’. கம்பத்தில் கேடயம் மாட்டிய இலக்கு. சிறுவர்கள் சக்கரம் வைத்த மரக்குதிரையில் உட்கார, மற்றவர்கள் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஈட்டியை அக்குளில் இறுக்கி, குதிரையின் கழுத்துக்கு மேலாக இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்கவேண்டும். அடியின் விசை கையிலிருந்து வருவதில்லை. குதிரையின் ஓட்டத்திலிருந்து வருகிறது. பிடி தளர்ந்தால் ஈட்டி பின்னால் வழுக்கும், விசை போய்விடும், மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளும். முனையைச் சீக்கிரம் இறக்கினால் அதன் பாரத்தில் அது மேலும் தாழும். கடைசி நொடியில் கண்ணை மூடுவதும் தலையைத் திருப்புவதும் எல்லாப் பையன்களுக்கும் வரும் பிழை. அதனால்தான் ஆயிரம் தடவை ஓடவிட்டார்கள். சுழலும் இலக்கு என்றால் மறுமுனையில் மணல் மூட்டை இருக்கும். தாமதித்தவன் முதுகில் அது விழும்.

பதின்வயதில் பையன் ‘எக்குயே’ ஆவான். கேடயம் சுமப்பவன் என்று பொருள். தலைவருக்குக் கவசம் பூட்டுவது அவன் பொறுப்பு. பஞ்சு திணித்த உட்சட்டை முதலில், பிறகு காலிலிருந்து மேல்நோக்கி: பாதம், கெண்டைக்கால், தொடை, மார்பு, கை, கடைசியில் தலை. மார்புத் தகடு போட்டபின் குனிய முடியாது என்பதால் இந்த வரிசை. தொடைக் கவசம் உட்சட்டையில் கயிற்றால் தொங்கும். கயிறு நெகிழ்ந்தால் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். முழங்காலுக்குப் பின் வாரை இறுக்கினால் கால் மரத்துப்போகும். சங்கிலிக் கவசத்தின் துருவை எடுக்க, மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவதும் இவன் வேலை.

பட்டம் சூட்டும் நாளில் குளியல், கோவிலில் இரவு முழுக்க விழிப்பு, குதிரையைத் தூண்டக் காலில் கட்டும் குதிமுள், வாள் கட்டு, தோளிலோ கழுத்திலோ ஓர் அடி. 1389 மே மாதம் சேன்-தெனியில் அரச குடும்பத்து அஞ்சூ இளவரசர்கள் இருவருக்கு இப்படித்தான் விரிவாக நடந்தது. பூசிகோவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. 1382 நவம்பரில் ஃபிளாண்டர்ஸில் நடந்த ரோஸ்பேக் போருக்குச் சற்றுமுன், களத்திலேயே பூர்போன் கோமகன் அவரை நைட் ஆக்கினார்.

இன்னொரு தடை பணம். மூத்த மகனுக்கு நைட் பட்டம் சூட்டும் செலவுக்காகத் தன்கீழ் இருப்பவர்களிடம் சிறப்பு வரி வசூலிக்கப் பிரபுவுக்கு உரிமையே இருந்தது என்றால் செலவை யோசித்துப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படையில் நைட்டுகளைவிட எக்குயேக்கள்தான் அதிகம். பலர் சாகும்வரை அப்படியே இருந்தார்கள். பிரெட்டன் சிறு பிரபுக் குடும்பத்தில் 1320 வாக்கில் பிறந்த பெர்த்ரான் து கெக்லேன் பல ஆண்டுகள் சண்டையிட்ட பிறகு, 1354-ல்தான் நைட் ஆனார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1370-ல் பிரெஞ்சுப் படை முழுவதற்கும் தலைவராக ஐந்தாம் சார்லஸ் மன்னர் நியமித்தது அவரைத்தான்.