கேள்வி – பதில்: லினக்ஸில் வைஃபை

கேள்வி: பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 12 லினக்ஸை நிறுவினேன். மற்ற அனைத்தும் ஒழுங்காக இயங்குகின்றன. வைஃபை மட்டும் தென்படவே இல்லை. இந்தப் பதிப்பில் ஃபர்ம்வேர்கள் சேர்க்கப்பட்டுவிட்டன என்கிறார்களே? கணினியிலுள்ள வன்பொருள்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை, பிராட்காம் பிசிஎம்43142 என்றும் அதனருகே 14இ4:4365 என்றும் காட்டுகிறது.

பதில்: அந்த எண்ணையும் சேர்த்து எழுதியது மிக நல்லது. ஒரே மாடல் மடிக்கணினியில்கூட வெவ்வேறு வைஃபை சில்லுகள் பொருத்தப்படுவதுண்டு என்பதால், எண் தெரியாமல் இயக்கி (டிரைவர்) தேடுவது வீண் அலைச்சல்.

கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்களையும் நிறுவல் வட்டில் சேர்க்கலாம் என்று டெபியன் உறுப்பினர்கள் 2022இல் வாக்களித்தார்கள். அதன்படி 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அவை இடம்பெற்றன. ஆனால் ஃபர்ம்வேர் என்பது சில்லுக்குள் ஓடும் நிரல். உங்களிடம் இல்லாதது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓட வேண்டிய இயக்கி. தன்னார்வலர்கள் சில்லின் நடத்தையை ஆராய்ந்து எழுதிய 'பி43' இயக்கியோ, 2010இல் பிராட்காமே மூலநிரலைத் திறந்துவிட்ட இயக்கியோ இந்தச் சில்லுக்கு உதவாது. மூடிய 'டபிள்யூஎல்' இயக்கி ஒன்றே வழி.

அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்த இயக்கியே வேண்டும். இந்தச் சிக்கலைக் கைபேசி தீர்த்துவைக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கணினியோடு பகிரும் வசதி) இயக்கினால், பெரும்பாலும் தனி இயக்கி ஏதுமின்றியே இணைப்பு கிடைத்துவிடும். பிறகு மென்பொருள் மூலங்களில் 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ' பிரிவுகளைச் சேர்த்து, இயக்கியைக் கெர்னலுக்கேற்பத் தொகுக்கத் தேவையான 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64', 'டபிள்யூஎல்' இயக்கியைத் தரும் 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' ஆகிய இரண்டு தொகுப்புகளையும் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமில்லாத இந்த இயக்கியைக் கெர்னல் ஏற்காது. அதற்கான சாவியைப் பதிவு செய்யுங்கள், அல்லது பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை நிரல்) செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்.

ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: பிராட்காம் இந்த இயக்கியைக் கடைசியாகப் புதுப்பித்தது 2015இல். அதன் மையப் பகுதி மூடிய இருமக் கோப்பு. அதைச் சுற்றியுள்ள மெல்லிய பகுதியை மட்டுமே டெபியன் பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் ஏற்பத் திருத்திவருகிறார்கள். ஆகவே கெர்னல் மாறும்போது வைஃபை நின்றுபோகக்கூடும். பழைய கெர்னலை உடனே நீக்கிவிடாதீர்கள். வைஃபை அட்டையை மாற்ற முடியுமானால், ஃபர்ம்வேர் கோப்பே தேவைப்படாத 'ஏடிஎச்9கே' இயக்கியில் ஓடும் ஏதெராஸ் அட்டையையே நான் பரிந்துரைப்பேன். சில தயாரிப்பாளர்களின் பயாஸ் வேற்று அட்டைகளை ஏற்பதில்லை. வாங்குமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி வைஃபை டாங்கிளைச் செருகினால், வைஃபைக்குப் பதிலாகச் சிடி ஒன்று திறக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. விண்டோஸ் இயக்கியைச் சுமந்துவரும் டாங்கிள்கள் முதலில் தம்மைச் சிடி என்றே அறிவித்துக்கொள்ளும். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையில் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண் தெரிந்தால், அது அந்நிலையிலுள்ள ரியல்டெக் டாங்கிள். 'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' தொகுப்பை நிறுவிக் கழற்றிச் செருகினால் எண் மாறி, உண்மையான சில்லு வெளிப்படும். அது 8821சியூ என்றால், அதற்கான இயக்கி 6.2ஆம் கெர்னலில்தான் சேர்ந்தது. டெபியன் 12இன் கெர்னல் 6.1 என்பதால் அதில் இயங்காது, 6.12 கெர்னலுடன் வரும் டெபியன் 13க்கு மாறிவிடுங்கள்.