அரிசியும் வேண்டும், ஆளும் வேண்டும்

இந்த இதழில், உதவி கேட்டும் உதவி செய்ய வழி கேட்டும் எழுதியவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆச்சி, எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். மாதம் தவறாமல் பணம் வருகிறது, சமையலுக்கும் ஆள் உண்டு. பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். பணம் இருக்கிறவர்களுக்கு என்ன உதவி செய்வது? — வாசகி, பள்ளத்தூர்

பதில்: பணம் இருந்தால் உதவி தேவைப்படாது என்று யார் சொன்னது, தங்கச்சி? முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில், இரண்டாங்கட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள் நம் செட்டிநாட்டுப் பக்கம் எத்தனை பேர்! வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு கல்யாணமே நடத்தலாம், ஆனால் ராத்திரி நெஞ்சு வலித்துக் கூப்பிட்டால் குரல் வாசல்வரை எட்டாது. சமையல்கார அம்மா சாயங்காலம் கிளம்பிவிட்டால் மறுநாள் காலைவரை டிவிதான் துணை.

முதலில் போய் உட்காருங்கள். "என்ன வேணும் ஆச்சி?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம், நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும், அந்தத் தலைமுறை கேட்டு வாங்கிப் பழகவில்லை. நீங்கள்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் போட வேண்டிய மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். காது மிஷினுக்கு பேட்டரி தீர்ந்துபோய் அது பாட்டுக்கு அலமாரியில் இருக்கும், அதனாலேயே பிள்ளைகளோடு போனில் பேசுவது குறைந்திருக்கும், பிள்ளைகளோ "ஆத்தா முன்ன மாதிரி பேசறதில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். குளியலறைக்குப் போகிற வழியில் ஈரம்பட்ட ஆத்தங்குடிக் கல், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இருக்காது. பேட்டரியும் கம்பியும் சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதைக் கவனிக்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை போயாக வேண்டும். அவர்கள் மதியமே தலைவாரிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள், நீங்கள் மறந்துபோனால் அது அந்த வாரம் முழுக்க வலிக்கும். இருவர் இருவராகப் போங்கள், பிள்ளைகளுக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாவிக்கொத்து, பத்திரம், வங்கிக் கணக்கு பக்கமே போகாதீர்கள். நல்ல மனதோடு போனவர்கள் கெட்ட பெயரோடு திரும்பாமல் இருக்க இதுதான் வழி.

அப்புறம் ஒன்று. அவர்களிடமிருந்தும் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஓலைக்கூடை, அதாவது கொட்டான், முடையத் தெரிந்த கையாக இருந்தால் ஓலையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் பெண்ணுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். நாள் முழுக்க அடுத்தவர் செய்வதை வாங்கிக்கொண்டே இருப்பது மனுஷரைச் சுருக்கிவிடும்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க அலைய வேண்டியதில்லை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதிலேயே உண்டு, செவிலியர் வீடு தேடி வருகிறார். முதியோர் உதவி எண் 14567, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆச்சிக்குத் தேவைப்படாது, ஆனால் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன்: பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்துப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லியும் கேட்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இறந்துபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் ஊர்ச் சங்கத்தில் அரிசி, மளிகை, பையனின் பள்ளிக் கட்டணம் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள், குறையே சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி தூக்கமே இல்லை. சொந்தக்காரர்களிடம் சொன்னால் "இன்னுமா அழுகிறாய்" என்கிறார்கள். போனில் ஆறுதல் சொல்கிறார்களாமே, அதில் பேசினால் பைத்தியம் என்று நினைக்க மாட்டார்களா? — பெயர் வேண்டாம், புதுவயல்

பதில்: மாட்டார்கள், அம்மா. உங்களைப் போன்றவர்கள் பேச வேண்டும் என்றுதான் அந்த எண்ணே இருக்கிறது.

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்பவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு போன் எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கத் தொண்டர்கள் சிலர் சேர்ந்தார்கள். அந்தத் தொண்டர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே பலர் மனம் லேசாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேநீர் கொடுத்தவர்கள் செய்ததெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டதுதான். 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சிநேகா'விலும் போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். "இன்னுமா அழுகிறாய்" என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எண் 044-24640050. அரசின் மனநல உதவி எண் 'டெலி மானஸ்' 14416, கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் இணைத்துவிடுவார்கள்.

ஒன்றரை வருடமாகத் தூக்கம் இல்லை என்றால் மருத்துவரையும் பார்த்தே ஆக வேண்டும், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால்கூட விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிஷமே 14416ஐ அழுத்துங்கள், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

இதைப் படிக்கிற சங்கத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் செய்வது பெரிய காரியம். மூட்டையை இறக்கி வைத்ததும் கிளம்பாமல், அடுத்த தடவை ஒரு பெண்ணையும் கூட அழைத்துப்போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போட்டோ எடுக்காதீர்கள். அந்தப் பையன் நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு அறுபதாவது சாந்தி. ஆடம்பரத்தைக் குறைத்து ஒரு அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கிற மகனும் பங்கு தருகிறான். எப்படி நம்பிக் கொடுப்பது? — வாசகர், தேவகோட்டை

பதில்: நல்ல முடிவு, அண்ணே. வியாபாரத்தில் தருமத்துக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்துக் கோயிலும் ஊருணியும் சத்திரமும் கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள், அந்த மகமைக்கும் வரி வரியாகக் கணக்கு எழுதி வைத்தார்கள். அதனால் ஐந்தொகை, அதாவது வருடக் கணக்கறிக்கை, கேட்பதில் கூச்சம் வேண்டாம். காட்டத் தயங்குகிற இடத்தை விட்டுவிடுங்கள். சொல்லாமல் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள், அடுப்படியையும் கழிப்பறையையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். அங்கே இருப்பவர்கள் வேலை செய்கிறவர்களைப் பெயர் சொல்லி, உரிமையோடு கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். எனக்கு அச்சிட்ட அறிக்கையைவிட அதில்தான் நம்பிக்கை.

பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது, அந்தச் சலுகையும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். மகன் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான மத்திய அரசின் எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் வைத்திருக்கிற கணக்கில்தான். "உள்ளூர்க் கணக்கில் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முதியோர் இல்லத்தில் இனிப்புக் கொடுக்கலாமா? — வாசகி, கோட்டையூர்

பதில்: அன்றைக்கு அங்கே இனிப்பு மலை மாதிரி குவிந்திருக்கும், தங்கச்சி, பாதிப் பேருக்குச் சர்க்கரை வேறு. முதல் நாளே போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் என்றோ கொசுவலை என்றோ சொல்வார்கள். அதை வாங்கிக்கொண்டு, கார்த்திகை பிறந்து கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு போங்கள்.