பைனாகுலரில் பஞ்சுத் துணுக்கு

கேள்வி: ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தின் படத்தில் நட்சத்திரங்கள் சர்க்கரை கொட்டியதுபோல ஒட்டிக்கிடக்கின்றன. என் 10x50 பைனாகுலரில் பஞ்சுத் துணுக்கு மாதிரிதான் தெரிகிறது. பைனாகுலரில் கோளாறா? உண்மையில் அவை முட்டிக்கொள்ளாதா என்று மகள் கேட்கிறாள். (பொங்கோல் வாசகர்)

பைனாகுலரில் கோளாறு இல்லை. நீங்கள் பார்த்தது சரியான பொருளைத்தான்.

முதலில் மகளுக்கு. சூரியனை 5 மில்லிமீட்டர் மிளகாக வைத்துக்கொள்வோம். அதைச் சிங்கப்பூரின் தேக்காவில் வைத்தால், நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, மலேசியாவின் பத்து பகாட் நகரையும் தாண்டி இருக்கும். நிஜத்தில் அது 4.24 ஒளியாண்டு (ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்). ஒமேகா சென்டாரியின் நடுப்பகுதியில் இந்த இடைவெளி சராசரியாக 0.1 ஒளியாண்டுதான். அப்போது தேக்கா மிளகுக்கு அடுத்த மிளகு தோ பாயோ பக்கம் வந்துவிடும். நெருக்கம்தான், ஆனால் மிளகுக்கும் மிளகுக்கும் நடுவே 3 கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளி!

பால்வீதியின் மையம் இன்னும் நெரிசல். அங்கே நடுவிலிருந்து 3.26 ஒளியாண்டுக்குள் சுமார் 1 கோடி நட்சத்திரங்கள். சூரியனைச் சுற்றி அதே தூரத்தில் இன்னொரு நட்சத்திரம்கூடக் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அங்கேயும் மிளகுக் கணக்கில் 800 மீட்டர் இடைவெளி இருக்கிறது.

மோதல் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1953இல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் எம்3 என்ற கொத்தில், அதன் வயதுக்குப் பொருந்தாமல் இளமையாக, நீலமாக ஒளிரும் நட்சத்திரங்களைக் கண்டார். இத்தகையவற்றில் சில, இரண்டு நட்சத்திரங்கள் மோதி ஒன்றானவை. மற்றவை துணை நட்சத்திரத்திடமிருந்து வாயுவை உறிஞ்சிக்கொண்டவை.

அப்புறம், படத்தில் ஏன் ஒட்டித் தெரிகிறது? 150 ஒளியாண்டு ஆழமுள்ள கூட்டத்தை ஒரே தாளில் தட்டையாக்கிவிடுகிறோம். நீண்ட நேரம் ஒளி சேர்வதால் ஒவ்வொரு புள்ளியும் ஊதிப்போகிறது. 17,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து பார்த்தால் அந்த 0.1 ஒளியாண்டு, 2 கிலோமீட்டர் தள்ளி ஒருவர் காட்டும் சுண்டுவிரலின் அகலம். பத்து மடங்கு பெரிதாக்கினாலும் நம் கண் அதைப் பிரிக்காது. முகப்பு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி இருந்தால் ஓரத்து நட்சத்திரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். இப்போதே வாங்க வேண்டாம். யாரிடமாவது ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சிங்கப்பூர் இதற்கு நல்ல இடம். சென்னையில் அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்குக் கீழேயே நிற்கும் இந்தக் கொத்து இங்கே 41 டிகிரிவரை ஏறும். ஜூன் நடுவில் இரவு 9 மணிக்கு, மரினா அணைக்கட்டு போலத் தெற்கே கடல் திறந்த இடத்துக்குப் போங்கள். தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். சிலுவைக்குக் கிட்டே இருப்பதிலிருந்து, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றேகால் முஷ்டி மேலே, சற்றே வலப்பக்கம் கொத்து இருக்கும். கண் இருட்டுக்குப் பழகட்டும். நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவே அடர்ந்து ஓரத்தில் கரைவது அப்போதுதான் மகளுக்குப் பிடிபடும்.