சார்ட்டில் வலி 0, ஆனால் புரட்டினால் அலறுகிறார்: பேச முடியாதவரின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. சில வருடங்களாக மறதி நோய். எங்களை அடையாளம் தெரியும், ஆனால் பேச்சு கோவையாக வராது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகிறது. நர்ஸ் வந்து "0-லிருந்து 10-க்குள் வலி எவ்வளவு?" என்று கேட்டால் அம்மா "ஒண்ணுமில்ல" என்கிறார், இல்லையென்றால் சும்மா சிரிக்கிறார். 0 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் புரட்டிப் படுக்க வைத்தாலோ, பிசியோதெரபிஸ்ட் எழுப்பி உட்கார வைத்தாலோ அலறிக் கையைத் தட்டிவிடுகிறார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, டியூபைப் பிடித்து இழுக்கிறார். தூங்க வைக்க மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள். வலி மருந்து 'தேவைப்பட்டால்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவருக்கு வலி இருக்கிறதா, இல்லையா? மார்பின் மாதிரி மருந்து கொடுத்தால் மறதி கூடிவிடுமோ, பழகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: வலி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்து, அதை அறுத்து உலோகம் பொருத்தி மூன்று நாள்தான் ஆகிறது என்றால், நல்ல நினைவோடு இருக்கும் முப்பது வயதுக்காரருக்கே புரண்டு படுக்க உயிர் போகும். வலிக்கு இவ்வளவு தெளிவான காரணம் கண்ணெதிரே இருக்கும்போது, வலி உண்டு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அம்மாவுக்கோ உங்களுக்கோ இல்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் ஒன்றுதான், ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகாது என்று குறிப்பாகவே எழுதி வைத்தது. பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் மருத்துவம் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. 1980-கள் வரைக்கும் பல இடங்களில் பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.

சரி, அந்த 0 எங்கிருந்து வருகிறது? 0 முதல் 10 வரை என்ற கேள்வி பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் பதில் சொல்ல ஒருவர் தன் உடம்பைக் கவனித்து, இதுவரை பட்ட வலிகளோடு அதை ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை ஒரு எண்ணாக மாற்றிச் சொல்ல வேண்டும். மறதி நோயில் முதலில் அடிபடுவதே இந்த மாதிரி வேலைகள்தான். அதனால் கேள்வி புரியாத சிரிப்பும், வலியே இல்லாத 0-வும் சார்ட்டில் ஒன்றாகவே தெரிகின்றன. நோயாளி எதை வலி என்கிறாரோ அதுதான் வலி என்று மார்கோ மெக்காஃப்ரி என்ற செவிலியர் 1968-ல் சொன்னது இன்றைக்கும் நல்ல விதி, ஆனால் அது நோயாளியை நம்புவதற்காகச் சொன்ன விதி. கேள்வியே போய்ச் சேராத ஒருவரின் "ஒண்ணுமில்ல"வை அப்படியே எழுதிக்கொள்வதற்கு அது அனுமதி இல்லை.

அதற்காகக் கேட்பதையே விட்டுவிடவும் வேண்டாம். மறதி நோய் நடுத்தர அளவில் இருக்கும் பலராலும் கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்ல முடியும். முதலில் காது மெஷின், கண்ணாடி போடுகிறவர் என்றால் அவற்றைப் போட்டுவிடுங்கள் (ஆபரேஷனுக்குக் கழற்றியது பல நேரம் பையிலேயே கிடக்கும்). முகத்துக்கு நேரே உட்கார்ந்து, எண் கேட்காமல், "வலி இல்லையா, கொஞ்சமா, ரொம்பவா?" என்று மூன்றே சொல்லில் கேளுங்கள். நேற்றைப் பற்றிக் கேட்காதீர்கள், இப்போது, இந்த இடத்தில் என்று கை வைத்துக் காட்டிக் கேளுங்கள். வலிக்குதா என்றால் இல்லை என்று பழக்கத்தில் சொல்கிறவர்கள், குத்துதா, கடுக்குதா, இழுக்குதா என்றால் ஆமாம் என்பார்கள். கேட்டபின் அரை நிமிஷமாவது காத்திருங்கள், நடுவில் அடுத்த கேள்வியைப் போடாதீர்கள்.

எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. அசையாமல் படுத்திருப்பவரிடம் கேட்டால் உண்மையிலேயே பெரிய வலி இருக்காது. இடுப்பு முறிவில் வலி அசைவில்தான் இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது மட்டும் அளந்தால் சார்ட் முழுக்க நல்ல எண்களாக இருக்கும், ஆனால் அம்மா மூச்சை இழுத்து விடவும் எழுந்து உட்காரவும் பயந்துகொண்டு கிடப்பார். அந்தப் படுக்கையிலிருந்துதான் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் ஆரம்பிக்கும். ஆகவே புரட்டும்போதும் உட்கார வைக்கும்போதும் பாருங்கள், பார்க்கச் சொல்லுங்கள்.

எதைப் பார்ப்பது? முற்றிய மறதி நோயாளிகளுக்கென்று 2003-ல் வெளியான 'பெயினாட்' என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, வாயிலிருந்து வரும் சத்தம், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தே விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. நீங்கள் எழுதியிருப்பதையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். புரட்டும்போது முகத்தைச் சுளித்துக்கொள்கிறார் என்றால் முகத்துக்கு 2. கையைத் தட்டிவிடுவது, முழங்காலை மடக்கிக்கொள்வது, முஷ்டியை இறுக்குவது இதெல்லாம் உடம்புக்கு 2. எப்போதாவது முனகினால் சத்தத்துக்கு 1, நீங்கள் சொல்வதுபோல் அலறினால் 2. மூச்சு நடுநடுவே வாங்கினால் 1. நீங்கள் கையைப் பிடித்துப் பேசினால் கொஞ்சம் அடங்குகிறார் என்றால் 1, எதற்குமே அடங்கவில்லை என்றால் 2. அலறலுக்கு 2, கையைப் பிடித்தால் அடங்குவதற்கு 1 என்று வைத்துக் கூட்டினால் 8 வருகிறது. சார்ட்டில் 0 இருக்கும் அதே நாளில், அதே ஆளுக்கு.

இந்த 8-ஐ நீங்களோ நானோ சொல்லும் "பத்துக்கு எட்டு வலி" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது நடத்தையின் கணக்கு, வலியின் அளவு இல்லை. பயம், மூத்திரம் கட்டிக்கொள்வது, மூன்று நாளாக மலம் போகாமல் இருப்பது, காய்ச்சல், தெரியாத முகங்கள் இவையெல்லாமும் இதே மாதிரி எண்ணைக் கொடுக்கும். அதனால் எண் கூடுதலாக வந்தால் இரண்டு வேலை சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்று, இந்தக் காரணங்களைத் தேடிப் பார்ப்பது, முக்கியமாக அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. இன்னொன்று, வலி மருந்து கொடுத்து எண் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கினால் அது வலிதான் என்பதற்கு நல்ல அடையாளம். நாடித்துடிப்பும் பிரஷரும் சரியாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அவை ஏறியிருந்தால் சந்தேகப்படலாமே தவிர, ஏறவில்லை என்பதை வைத்து வலி இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இன்னொரு அளவுகோலும் உண்டு, அது நீங்கள்தான். அம்மா சாதாரணமாக எப்படி முனகுவார், கோபம் வந்தால் என்ன செய்வார், எப்படிப் படுத்தால் அவருக்குப் பிடிக்கும் என்பது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிற யாருக்கும் தெரியாது. "இது அவருடைய வழக்கமான பிடிவாதம் இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகுதான் இப்படி" என்று நீங்கள் சொல்வதும் பரிசோதனைத் தகவல்தான், தயங்காமல் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நடப்பது புதிதும் இல்லை. 2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இடுப்பு முறிந்த நோயாளிகளில் மறதி நோய் முற்றியவர்களுக்குக் கிடைத்த மார்பின் வகை மருந்து, நல்ல நினைவோடு இருந்தவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். எலும்பு இருவருக்கும் ஒரே மாதிரிதான் முறிந்திருக்கிறது, கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு மருந்து கிடைத்தது, தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை. 'தேவைப்பட்டால்' என்ற உத்தரவின் கோளாறும் இதுதான். தேவைப்படுகிறது என்று சொல்ல முடியாதவருக்கு அப்படி எழுதுவது, என் பார்வையில், மருந்தே எழுதாததற்குச் சமம். முதல் சில நாட்களுக்காவது வேளை தவறாமல் கொடுக்கும்படி மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள், இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தூங்க வைக்கும் மருந்து பற்றி. ராத்திரி டியூபை இழுப்பது ஆபரேஷனுக்குப் பின் வரும் திடீர்க் குழப்ப நிலையாக, அதாவது டெலிரியமாக இருக்கலாம், அதற்கு வலியே ஒரு காரணமாகவும் இருக்கலாம். இடுப்பு முறிந்தவர்களை வைத்து 2003-ல் வந்த ஆய்வில், ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் மார்பின் ஊசிக்குச் சமமான அளவைவிடக் குறைவாக வலி மருந்து பெற்றவர்களுக்குத்தான் டெலிரியம் அதிகம் வந்தது. மார்பின் வகையிலேயே பெத்திடின் என்ற மருந்தைப் பெற்றவர்களுக்கும் அதிகம் வந்தது, எனவே அந்த மருந்து மட்டும் வேண்டாம் என்று கேட்பது நியாயம். நார்வேயின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில், நடுத்தர மற்றும் முற்றிய மறதி நோயோடு முரட்டுத்தனமாக நடந்துகொண்ட 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2011-ல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் படிப்படியாக வலி மருந்து கொடுத்ததில் கிளர்ச்சி 17% குறைந்தது, அதுவும் பெரும்பாலானோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். அவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள் இல்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே உங்கள் அம்மாவுக்குப் போட முடியாது, ஆனால் முதலில் வலியைப் பார், அப்புறம் தூக்க மருந்தைப் பார் என்ற வரிசை இங்கேயும் பொருந்தும். வலியைத் தொடாமல் தூங்க மட்டும் வைத்தால் அலறல் நிற்கும், வலி அங்கேயே இருக்கும், நாம் அதைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியும் அடைந்துபோகும்.

மருந்து என்று வந்தால் அடித்தளம் பாராசிட்டமால்தான். வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், எடை 50 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ டாக்டர் அதையும் குறைப்பார். கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை இந்த வயதில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் இதயத்தையும் படுத்தும், இடுப்பு முறிவுக்கான பிரிட்டிஷ் வழிகாட்டுதல் அவற்றைப் பரிந்துரைப்பதே இல்லை. அதே வழிகாட்டுதல் சொல்லும் இன்னொன்று, தொடைக்குப் போகும் நரம்பைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் ஊசி. இடுப்பு முறிந்தவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அது அசையும்போது வரும் வலியைக் குறைத்தது, குழப்ப நிலை வரும் வாய்ப்பையும் குறைத்தது. பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னும் அந்தச் சமயத்திலும் போடுவது என்றாலும், மயக்க மருந்து டாக்டரிடம் இப்போது போட வாய்ப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

இதற்கு மேலும் வலி இருந்தால் மார்பின் வகை மருந்து குறைந்த அளவில் தேவைப்படலாம். உங்கள் பயம் காரணமில்லாதது இல்லை. அமெரிக்காவில் 1990-களின் நடுவில் வலியை (நாடித்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், பிரஷர் இவற்றுக்கு அடுத்த) ஐந்தாவது உயிர்க்குறி என்று சொல்லி எல்லாரிடமும் எண் கேட்க ஆரம்பித்து, அந்த எண்ணை 0 ஆக்குவதே குறிக்கோள் என்று ஆனது, தாராளமாக மருந்து எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் கடும் விமர்சனம் வந்தது. ஆனால் மாதக்கணக்கில் வீட்டில் விழுங்குவதும், ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு சில நாள் கொடுப்பதும் வேறு வேறு. சில நாளில் அடிமையாகிவிடுவார் என்பது இங்கே முதல் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது மலச்சிக்கல் (மருந்து ஆரம்பிக்கும் அன்றே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும்), அதிகத் தூக்கக் கலக்கம், மூச்சு மெதுவாவது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்பினின் மிச்சங்கள் உடம்பில் தேங்கும், அதனால் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் அளவு போடுவார்கள். கூப்பிட்டால் கண் திறக்காத அளவுக்குத் தூங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டிலிருந்து எந்த வலி மாத்திரையும் கொண்டுவந்து நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கொடுத்த பிறகு திரும்ப வந்து பார்ப்பதுதான் பல வார்டுகளில் விட்டுப்போகிறது. நரம்பு வழி ஊசி என்றால் சுமார் அரை மணி நேரத்தில், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எண் சொல்லத் தெரிந்த நாள்பட்ட வலி நோயாளிகளிடம் சுமார் 2 புள்ளி, அல்லது 30% இறங்கினால்தான் "நல்லா இருக்கு" என்று அவர்களே சொல்கிறார்கள் என்று 2001-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் அம்மாவிடம் அந்தக் கணக்கு வேண்டாம், வேறு கேள்விகள் போதும். இன்றைக்குப் புரட்டும்போது கையைத் தட்டிவிட்டாரா? பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தாரா? இரவு தொடர்ந்து சில மணி நேரம் தூங்கினாரா? பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை வேளை வருகிற மாதிரி அமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்கே பெரிய வித்தியாசம் தெரியும். புரட்டும் முன் என்ன செய்யப் போகிறோம் என்று அவரிடம் சொல்வது, கால்களுக்கு நடுவே தலையணை, நீங்கள் கையைப் பிடித்துக்கொள்வது இதெல்லாம் மருந்துக்கு மாற்று இல்லை, ஆனால் கூடவே வேண்டும்.

நாளை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சண்டை போடுவதுபோல் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு தாளில் நேரம், என்ன அசைவு, என்ன செய்தார், மருந்து எப்போது கொடுத்தார்கள், அதன்பின் எப்படி இருந்தார் என்று ஒரு நாள் முழுக்க எழுதி வையுங்கள். முடிந்தால் புரட்டும்போது ஒரு சின்ன வீடியோ, வார்டில் அனுமதி கேட்டுக்கொண்டு. அதைக் காட்டி, "எண் கேட்டால் அம்மாவுக்குப் புரியவில்லை, அசையும்போது பெயினாட் வைத்துப் பார்க்க முடியுமா, மருந்தை நேரப்படி மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் இப்படி எழுதி எடுத்து வந்தால் கவனித்துக் கேட்பார்கள்.

சில விஷயங்களுக்கு ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது. வலி திடீரென்று பல மடங்கானால், ஆபரேஷன் செய்த கால் குட்டையானது போலவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், காயத்தில் சீழோ காய்ச்சலோ வந்தால், அல்லது இதுவரை தட்டிவிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அசையாமல் மந்தமாகிப் போனால் உடனே கூப்பிடுங்கள். கடைசியாகச் சொன்னதை வலி குறைந்து அமைதியாகிவிட்டார் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், டெலிரியத்தில் அப்படி அடங்கிப்போகிற வகையும் உண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மருந்து எத்தனை நாள், எதை முதலில் குறைப்பது, மார்பின் வகை ஏதாவது கொடுத்திருந்தால் எந்தத் தேதியில் நிறுத்துவது, வலி கூடினால் யாரை அழைப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.