நல்ல கிருமிதானே, கொடுத்தால் என்ன?

கேள்வி: என் மகனுக்குப் பிறந்த 3-ஆம் நாள் சிறுகுடல் அடைப்புக்காக அறுவை சிகிச்சை நடந்தது. 20 நாளாகக் கோவையில் மருத்துவமனையில் இருக்கிறோம். இப்போது வேளைக்கு 15 மில்லி தாய்ப்பால் குழாய் வழியாகப் போகிறது. சொந்தக்காரர் புரோபயாடிக் பொடி வாங்கி வந்திருக்கிறார். பாலில் கலந்து தரலாமா? கழுதைப்பால் கொடுக்கச் சொல்கிறார் என் அமுச்சி (அம்மாவின் அம்மா). (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: அம்மணி, அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.

அதில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. நம் குடலில் அது கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடும். உங்கள் மகனின் குடலிலோ தையல் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. அதன் சுவரைத் தாண்டி ரத்தத்தில் புகுந்துவிட்டால், நல்ல கிருமியும் கெட்ட கிருமிதான். இன்னொரு வழியும் உண்டு. சத்துநீர் ஏற்றுவதற்காக ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் போட்டிருப்பார்கள். பாக்கெட்டைக் கிழிக்கும்போது பறக்கும் தூசி கையில் ஒட்டும். அந்தக் கை குழாயின் மூடியில் பட்டால் போதும், வயிற்றுக்கென்று வாங்கியது நேராக ரத்தத்தில் இறங்கிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. புரோபயாடிக் கொடுக்கப்பட்ட ஒரு கிலோவுக்கும் குறைந்த குறைமாதக் குழந்தை, அதிலிருந்த அதே பாக்டீரியாவால் ரத்தத்தொற்று வந்து இறந்ததை அடுத்து, 2023-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் அழுகல் நோயைச் சில புரோபயாடிக் வகைகள் குறைப்பதாக ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். அதனால் சில மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். ஆனால் வெட்டித் தைத்த குடலின் கணக்கு வேறு. எவ்வளவு நீளம் எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது அது. குடல் மிகவும் குட்டையாகிவிட்டால், புரோபயாடிக்கில் இருக்கும் லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள் உண்டாக்கும் அமிலம் ரத்தத்தில் சேர்ந்து குழந்தையை மந்தமாக்கும். ஆகவே முடிவு உங்கள் அறுவை மருத்துவருடையது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். நாளைக்குக் காய்ச்சல் வந்தால், எந்தக் கிருமியைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரிய வேண்டும்.

அமுச்சியின் அக்கறை புரிகிறது. தெருவில் சங்குக் கணக்கில் விற்கும் கழுதைப்பால் காய்ச்சாத பால். இந்தக் குழந்தைக்கு ஒரு சொட்டும் ஆகாது. உரைமருந்தும் தேனும் அப்படியே.

15 மில்லிதானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது குழந்தைக்கானதே அல்ல, அதன் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாவுக்கான தீனி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேளை தவறாமல் பீய்ச்சிக் கொடுங்கள்.

பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ நள்ளிரவானாலும் தயங்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள்.