பஃபரைக் கூட்டினால் வேகம் கூடுமா? சேர்வர் கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன: எங்கேயோ கிடைத்த சிஸ்கொன்ரோல் பட்டியலை (லினக்ஸின் மையமான கேர்னலுக்குச் சொல்லும் அமைப்புகள்) அப்படியே ஒட்டிவிட்டு, "ஏன் இன்னும் இழுக்கிறது?" என்று கேட்பது. பஃபர் என்பது போகும், வரும் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். எல்லாருடையதும் லினக்ஸ் சேர்வர் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"கோண்டாவிலில் இருந்து ஜேர்மனியிலுள்ள எங்கள் சேர்வருக்கு இரவில் ஆர்சிங்க் மூலம் பாக்கப் போகிறது. லைன் 100 மெகாபிற், பிங் 200 மில்லிசெக்கன். ஆனால் 5 மெகாபிற்றுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. இங்கே பெறும் பஃபரின் உச்சமான ஆர்மெம்_மாக்ஸை 16 எம்பி ஆக்கியும் அசையவில்லை, சேர்." (கணக்காய்வு நிறுவன ஐ.ரி. பொறுப்பாளர்)

அந்த 5 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. அனுப்பிய தரவு கிடைத்தது என்று பதில் வரும்வரை வழியில் எவ்வளவு இருக்கலாம் என்பதுதான் விண்டோ. லைன் வேகத்தைப் பிங் நேரத்தால் பெருக்குங்கள்: 100 மெகாபிற் × 0.2 செக்கன் = 20 மெகாபிற், அதாவது 2.5 எம்பி. லைன் நிரம்ப அவ்வளவு விண்டோ வேண்டும். இனி மறுபக்கமாகப் போடுங்கள். 0.2 செக்கனுக்கு ஒருமுறை 128 கேபி மட்டும் போனால் செக்கனுக்கு 5.2 மெகாபிற். உங்களுக்கு வருவது அதுதானே! ஆக, யாரோ விண்டோவை 128 கேபியில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

ஜேர்மனிப் பக்கத்து ஆர்சிங்க் டீமனின் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) கொன்ஃபிக் கோப்பில் 'சொக்கெற் ஒப்ஷன்ஸ்' வரியைப் பாருங்கள். எஸ்ஓ_ஆர்சிவிபஃப் (பெறும் பஃபரின் அளவு) = 131072 என்று கிடந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். புரோகிராமே ஒரு அளவைக் கேட்டு வாங்கிவிட்டால், அந்த சொக்கெற்றுக்கு (இணைப்பின் முனை) தானாகப் பஃபரைக் கூட்டும் வேலையைக் கேர்னல் கைவிட்டுவிடும். பிறகு ரிசிபி இணைப்புகளின் பெறும் பஃபர் அளவுகளை வைக்கும் ரிசிபி_ஆர்மெம்மில் நீங்கள் எதை எழுதினாலும் அதன் காதில் விழாது. உறுதிப்படுத்த, பாக்கப் ஓடும்போது அந்தப் பக்கத்தில் 'எஸ்எஸ் -ரிஎம்' கொடுங்கள். 'ஆர்பி' என்ற இடத்தில் 262144 என்று அசையாமல் நின்றால் சந்தேகமே இல்லை. கேட்டதை இரட்டிப்பாக்கிப் பதிவதுதான் கேர்னலின் வழக்கம். கோப்புப் பகிரும் சம்பாவிலும் இதே வியாதி உண்டு. பழைய கட்டுரைகளில் பார்த்து 8192 என்று ஒட்டிய வரிகள் பல அலுவலகங்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

வரியை எடுத்த பிறகு பெரிய வேலை எதுவும் இல்லை. ரிசிபி_ஆர்மெம்மின் வழமையான மூன்று எண்கள் (குறைந்த அளவு, தொடக்க அளவு, உச்சம்) 4096, 131072, 6291456. தானாக வளரும் பஃபருக்கு உச்சம் அந்தக் கடைசி எண்தான், ஆர்மெம்_மாக்ஸ் அல்ல. 6 எம்பியில் பாதி கேர்னலின் சொந்தக் கணக்குக்குப் போனாலும் 3 எம்பி மிஞ்சும். உங்களுக்கு அது தாராளம். அனுப்பும் பக்கத்தில் ரிசிபி_டபிள்யூமெம்மின் உச்சம் 4 எம்பி. அது கொஞ்சம் இறுக்கம், 8 ஆக்கலாம். இன்னொன்று: அனுப்புகிறவர் நீங்கள். பெறும் பஃபர் இருப்பது ஜேர்மனியில். கோண்டாவில் மெஷினில் ஆர்மெம்மைக் கூட்டி யாருக்கு லாபம்?

"நல்லூர்த் தேர் நேரலை போகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, புதிதாக வருபவர்களுக்குத்தான் திறக்கவில்லை. எந்தப் பஃபரைக் கூட்டுவது அண்ணா?" (நேரலைக் குழு, நல்லூர்)

எதையும் கூட்டவேண்டாம். பஃபர் பிரச்சினை என்றால் முதலில் படம் தடக்கும். உங்களுடையது வாசலில் உள்ள நெரிசல். தேர் புறப்படும் காலை 7 மணிக்கு ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஒரே நேரத்தில் வந்து தட்டுகிறார்கள்.

'எஸ்எஸ் -எல்என்ரி' கொடுத்து 443ஆம் போர்ட் வரியைப் பாருங்கள். கேட்கும் சொக்கெற்றில் முதல் எண் வரிசையில் காத்திருப்போர், இரண்டாவது வரிசையின் கொள்ளளவு. உங்களிடம் சென்ற்ஓஎஸ் 7, கேர்னல் 3.10. அதில் வரிசையின் உச்சமான சோமாக்ஸ்கொன் 128. வெப் சேர்வர் புரோகிராமான எஞ்சின்எக்ஸ் 511 கேட்டாலும் 128தான் கிடைக்கும். (கேர்னல் 5.4 முதல் அது 4096.) சோமாக்ஸ்கொன்னை 4096 ஆக்கி, எஞ்சின்எக்ஸின் லிசின் வரியிலும் பாக்லொக் (வரிசையின் நீளம்) = 4096 என்று போட்டு, ரீஸ்ரார்ட் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் இல்லை. அதன்பிறகும் 'என்ஸ்ராற்' காட்டும் லிசின்ஓவர்ஃப்ளோஸ் (வரிசை நிரம்பி வழிந்த எண்ணிக்கை) ஏறினால், எஞ்சின்எக்ஸின் வேலையாட்களான வேர்க்கர்கள் திணறுகின்றன என்று பொருள். அப்போது வரிசையை நீட்டிப் பயனில்லை. சென்ற்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்தது. அடுத்த கொடியேற்றத்துக்கு முன் மாறிவிடுங்கள்.

"8 ஜிபி சேர்வர். ரிசிபி_மெம், ரிசிபி_டபிள்யூமெம் இரண்டிலும் மூன்று இடத்திலும் 16777216 போட்டேன். இரண்டு நாளில் டேட்டாபேஸ் செத்துப்போகிறது." (சாவகச்சேரி)

இந்த எண் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்; பாதி ஊரின் சேர்வர்களில் அது இருக்கிறது. ரிசிபி_மெம் என்பது எல்லா ரிசிபி இணைப்புகளுக்கும் சேர்த்த மெமரி எல்லை. அது பைற்றில் இல்லை, மெமரிப் பக்கத்தில் (பேஜ்) கணக்கிடப்படுகிறது. ஒரு பக்கம் 4096 பைற். ஆக, 8 ஜிபி மெஷினிடம் "ரிசிபிக்கு 64 ஜிபி வரை எடு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வேலி போய்விட்டது. பூட் ஆகும்போது மெமரியைப் பார்த்துக் கேர்னலே அந்த எண்ணை வைக்கும். அந்த வரியை அழித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

ரிசிபி_டபிள்யூமெம்மில் நடு எண்தான் ஆபத்து. ஒவ்வொரு இணைப்பும் தொடங்கும் அளவு அது. நெடுந்தீவில் சிக்னல் குறைந்த போனில் ஒருவர் உங்கள் பெரிய கோப்பை இறக்கினால், சேர்வர் 16 எம்பியை அவருக்காகக் கேர்னலில் கொட்டிவிட்டுக் காத்திருக்கும். அப்படி 500 பேர் வந்தால் 8 ஜிபி காலி. நடு எண்ணை 16384க்குத் திருப்புங்கள். உச்சம் மட்டும் பெரிதாக இருக்கலாம்.

"மானிப்பாயில் திருமண வீடியோ ஸ்ரூடியோ. வெளிநாட்டுக்குக் கோப்பு ஏற்றத் தொடங்கினால் ஒருவரும் சூமில் கதைக்க முடியாது. பிங் 40இல் இருந்து 900க்குப் போகிறது. ஏற்றும் வேகம் 20 மெகாபிற்."

உங்கள் நோய் பஃபர் கூடிப்போனது. 860 மில்லிசெக்கன் கூடுதல் என்றால், 20 மெகாபிற் லைனில் 2 எம்பிக்கு மேல் ரவுட்டரில் வரிசையில் நிற்கிறது. சூம் பக்கற்றும் அதன் வாலில் நிற்கவேண்டியதுதான். ஜிம் கெற்றிஸ் 2010 அளவில் இதற்கு பஃபர்புளோற் என்று பெயர் வைத்தார். ரவுட்டரில் ஓபின்டபிள்யூஆர்ரி ஏறுமானால் கேக் என்ற வரிசை முறையைப் போட்டு, ஏற்றும் வேகத்தை 17 அல்லது 18 மெகாபிற்றில் கட்டுங்கள். வரிசை உங்கள் கைக்குள் வந்துவிடும். வீடியோ சில நிமிடம் பிந்திப் போகும், மணமக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

"சுன்னாகம். ரவுட்டர்களின் சிஸ்லொக் (பதிவு வரிகள்) யுடிபியில் வருகிறது. மின்சாரம் போய் வரும்போது வரிகள் காணாமல் போகின்றன."

இங்கே கூட்டலாம். யுடிபி, கிடைத்ததா என்று பாராமல் அனுப்பும் முறை. அதற்குத் தானாக வளரும் பஃபர் இல்லை. 'நெற்ஸ்ராற் -எஸ்யு'வில் ரிசீவ் பஃபர் எரர்ஸ் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் ஆர்மெம்_மாக்ஸை 212992இல் இருந்து 8 எம்பி ஆக்கி, சிஸ்லொக் புரோகிராமிலும் அந்த அளவைக் கேட்கச் சொல்லுங்கள்.

"ரிசிபி_ரிடபிள்யூ_ரீசைக்கிள் என்ற வரிக்கு மட்டும் 'அப்படி ஒன்று இல்லை' என்று வருகிறது. நான் எதையாவது இன்ஸ்ரோல் செய்யவேண்டுமா?"

வேண்டாம். கேர்னல் 4.12இலேயே அதை எடுத்துவிட்டார்கள். ஒரே முகவரிக்குப் பின்னால் பல போன்கள் இருக்கும் மொபைல் வாடிக்கையாளர்களை அது காரணமில்லாமல் துரத்தும். வரியை அழியுங்கள். ரைம்_வெயிற்றில் (மூடிய இணைப்பு சிறிது நேரம் காத்திருக்கும் நிலை) ஆயிரக்கணக்கில் சொக்கெற் கிடப்பதைப் பார்த்துப் பயந்துதான் போட்டிருப்பீர்கள். 60 செக்கனில் அவை தாமாகவே போய்விடும்.